இறக்கத்தில் நின்ற வண்டி

அந்தக் கதையைக் குமரகுரு பல வருஷங்களாகவே நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அபூர்வம். பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அது அங்கேயே இருந்தது. வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போது நாக்கு தானாகப் போய் அதைத் தொட்டுவிட்டு வரும், அவ்வளவுதான். இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கோயமுத்தூர் கணபதியில் அவனுடைய வீட்டுப் போர்டிகோவில், அந்தக் கதைக்குரிய இன்ஜினே அவன் மூக்குக்கு நேராகச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று இரும்புக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய முக்காலி, அதன் உச்சியில் வாடகைக்கு எடுத்துவந்த செயின் பிளாக், அதற்குக் கீழே பானெட்டைக் கழற்றிவிட்டதில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பழைய பியட். பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் பூட்டி, மேலே சாம்பல் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். "தலைக்குத் தண்ணி வாத்து, பவுடர் பூசி, தொட்டில்ல போடப் போற மாதிரியில்ல இருக்குது," என்றாள் அவன் மனைவி சாந்தாமணி, சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்தபடி. "நம்ம புள்ளையக்கூட நீங்க இத்தன பதனமாத் தூக்குனதில்லீங்க." "செயினப் பாத்து விடு. பேசிட்டே விட்டீன்னா உள்ள போய் எதையாச்சும் இடிக்கும்." "நானும் பேசாட்டி இந்த வீட்ல இன்னைக்கு யாருதான் பேசறது?" என்றாள். அவள் கேட்டது சரிதான். காலையிலிருந்து அவன் பேசவில்லை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளிங்கிரி மாமாவும் பேசவில்லை. மாமா அவன் அம்மாவின் தம்பி. கதையைச் சொன்னவர் அவர்தான். அதைச் சொல்வதற்கு வேறு ஆள் கிடையாது, ஏனென்றால் அன்றைக்கு இந்த வண்டியில் இருந்த இன்னொருவர் குமரகுருவின் அப்பா. அவர் வீடு திரும்பவில்லை.

கதை மிகச் சின்னது. கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு மெஷின் பெல்ட்டுகளைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் திரும்புகிறார்கள். "மச்சானுக்கு நெஞ்சக் கரிக்குது. வாயுதான், சோடா குடிச்சாச் சரியாப் போயிரும்னாரு. வண்டிய நான் எடுத்தேன். மலை எறங்கையில இன்ஜின் சீஸ் ஆயிருச்சு. பிஸ்டன் கவ்விப் பிடிச்சுக்குச்சு, ஒரு அசைவில்ல. ரோட்டோரமா நிக்கறோம் ஒரு மணி நேரம். அப்பறம் ஒரு லாரி வந்துது. மேட்டுப்பாளையம் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு." துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் மாமா இதைத்தான் சொன்னார். அப்போது பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த குமரகுரு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டு, அடுத்த வார்த்தை எது என்று அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவைத்திருந்தான். பிற்பாடு, மிகவும் பிற்பாடு, அதுதான் அவனுக்கு முதலில் உறுத்தியது. மாமா கதை சொல்வதில் கைகாரர். சிறுவாணிப் பக்கம் யானை துரத்திய கதையில் யானை ஒரு தரம் ஒற்றை, ஒரு தரம் குட்டியோடு, அடுத்த பொங்கலுக்குள் ஒரு கூட்டமே வந்துவிடும். மில்லில் நடந்த சண்டையில் யார் யாரை முதலில் அடித்தார் என்பது கேட்கிற ஆளைப் பொறுத்து மாறும். இந்த ஒரு கதையில் மட்டும் ஒரு சொல் கூடியதில்லை, குறைந்ததில்லை. மனசில் கிடக்கிற சங்கதி அப்படியா இருக்கும்? கிடக்கக் கிடக்க அது கொஞ்சம் ஊறும், கொஞ்சம் உதிரும், நேற்று ஞாபகமில்லாத ஒரு சத்தம் இன்றைக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். மாறாமல் இருப்பது மனப்பாடம் செய்தது. மனப்பாடம் செய்தது எதற்காக? அப்பா செத்துப்போன துக்கத்தில் ஒரு மனிதன் பிடித்துக்கொள்ள நாலு வாக்கியம் வேண்டியிருந்திருக்கலாம். அப்படியும் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டு அவன் அதை விட்டுவிடுவான், விட்ட இடத்துக்கே நாக்கு மறுபடி போகும்.

"இன்னும் கொஞ்சம் எறக்கு. கொஞ்சமா. போதும் போதும்." இன்ஜின் ஒரு பக்கமாகத் திரும்பியது, அதன் வாலைப் பிடித்து நேராக்கினான். கையில் புது ஆயிலின் வாசனை. வேலையில் சேர்ந்த புதிதில் கம்பெனி ஜீப்பில் கோத்தகிரிக்குப் போய்வர நேர்ந்தது, அப்போதுதான் இரண்டாவது உறுத்தல். ஏறும்போது ஜீப் முக்கியது, முனகியது, சூட்டு முள் சிவப்பைத் தொட்டது, ஓரம் கட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. இறங்கும்போது அதே ஜீப் கோயில் மாடு மாதிரி சாதுவாக வந்தது. முள் கீழே படுத்துவிட்டது. இறக்கத்தில் இன்ஜினுக்கு என்ன வேலை? வேலையில்லாத இன்ஜின் எதற்காகச் சூடாகும், சூடாகாத பிஸ்டன் எதற்காகக் கவ்வும்? அப்படியே கவ்வினாலும், கியரை எடுத்துவிட்டால் வண்டி உருளுமே. இறக்கம்தானே. மலை தானாகவே கீழே கொண்டுபோய் விடுமே. கேள்வி வந்த அன்றைக்கே அதற்கு அவனே பதிலும் தேடிக் கொடுத்தான். ரோட்டில் கல் இடித்து ஆயில் முழுக்க ஒழுகியிருந்தால் இறக்கத்திலும் இன்ஜின் கவ்வும். மாமா அப்போதுதான் ஓட்டப் பழகியவர், செத்த இன்ஜினோடு கொண்டையூசி வளைவில் உருட்டிக்கொண்டு போகப் பயந்திருப்பார். பக்கத்து இருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இருக்கும்போது பயம் வராதா? சரி, கல். கல்லை நம்பிப் பல வருஷம் ஓட்டினான். வேலையிலோ அவனுக்குக் கிடைத்த இடம் பரிசோதனைப் பிரிவு. பம்ப்செட் செய்கிற கம்பெனியில் கடைந்து வருகிற உருப்படிகளை அளந்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்து வைக்கிற வேலை. அளக்கிறவன் கல்லையும் ஒரு நாள் அளக்காமல் இருப்பானா?

அந்த நாள் வருவதற்கு அம்மா போய்ச்சேர வேண்டியிருந்தது. அம்மா இருந்தவரை இந்த வண்டி பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. விற்கவும் விடவில்லை, எடுக்கவும் விடவில்லை. கோபம் வந்தால் அங்கே போய் நின்று, "பாழாப் போன இரும்பே, உன்னய நம்பித்தானே அவரு ஏறுனாரு," என்று திட்டிவிட்டு வருவாள். ஆளைத் திட்டுவது போலத்தான் இருக்கும். திட்டி முடித்துவிட்டு, "வெள்ளிங்கிரி, சாப்பிட வா," என்று தம்பியைக் கூப்பிடுவாள். தம்பிக்குத் தட்டில் முதல் சோறு. மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மில் வேலையோடு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். குமரகுருவின் பள்ளிக்கூடம், காலேஜ், தங்கையின் கல்யாணம், எல்லாமே அவர் தோளில் நடந்தது. ஸ்டீயரிங்கை அவர் மறுபடி தொட்டு யாரும் பார்த்ததில்லை. சைக்கிள், அப்புறம் டவுன் பஸ். போன ஆடியில் அம்மா போனாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் குமரகுரு தார்ப்பாயை இழுத்துப் போட்டான். "அத எதுக்கு மாப்ள இப்ப?" என்று மாமா கேட்டார். "ஓட்டிப் பாக்கலாமுன்னுதானுங்க." "இரும்பு வெலைக்குப் போடறத விட்டுப்போட்டு." இன்ஜினைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிய அன்று அவர், திருப்பூரில் இருக்கும் குமரகுருவின் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இன்ஜின் முழுசாகப் பூட்டி வீட்டுக்கு வந்ததும் அவரும் வந்தார். பேத்திக்கு, அதாவது தங்கையின் மகளுக்கு, காய்ச்சல், அதனால் போனேன் என்றார். பேத்திக்குக் காய்ச்சல் இருந்ததும் நிஜம்தான், விசாரித்தான். விசாரித்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

இன்ஜினைப் பிரித்தபோது பட்டறைக்காரரைத் தள்ளிவிட்டு அவனேதான் அளந்தான். கடைவதற்கு முன்பு அளந்தாக வேண்டும், கடைந்துவிட்டால் பழைய கதை போய்விடும். கவ்விப் பிடித்த பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கீறிவைக்கும், நகத்தால் தடவினாலே தட்டுப்படும். தடவினான். வழவழவென்று இருந்தது. தேய்மானம் இருந்தது, ஓடின வண்டிக்குரிய மரியாதையான, சீரான தேய்மானம். பிஸ்டன்களின் இடுப்பில் ஒரு தழும்பு இல்லை. பிஸ்டன்களைச் சுழற்சியோடு சேர்க்கிற கிராங்க் தண்டைக் கடைந்த அடையாளம் இல்லை. அதைத் தாங்குகிற பேரிங்குகள் எல்லாம் முதல் அளவு, கம்பெனியில் போட்டு அனுப்பியவை. ஆயில் தொட்டியின் அடியில் கல் இடித்த பள்ளமோ, பற்றவைத்த தடமோ கிடையாது. அப்பாவின் காரியம் முடிந்த பிறகு மலையிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தபோது, சிலிண்டரைக் கடைந்து போரிங் போட்டு, பிஸ்டன் மாற்றித்தான் கொண்டுவந்தேன் என்று மாமா சொல்லியிருந்தார். யாரும் இதைத் திறக்கவே இல்லை. இந்த இன்ஜின் ஒரு நாளும் கவ்வவில்லை. அளவுகோலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபோது கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அது அவனுக்கே விசித்திரமாக இருந்தது. வந்தது வேறொன்று. கம்பெனியில் ஓர் உருப்படி அளவு தப்பி வரும்போது வருவது. திட்டத் தோன்றாது, இது எந்த மெஷினில், எந்த இடத்தில் தப்பியது என்று பின்னாலேயே நடந்து போய்ப் பார்க்கத் தோன்றும். ஆனால் இங்கே உருப்படி வெள்ளிங்கிரி மாமா. தன்னைத் தோளில் வைத்துக் கோனியம்மன் தேர் காட்டியவர். பின்னாலேயே நடந்து போனால் கடைசியில் என்ன இருக்கும்? பயத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நிறுத்தியதாலேயே அப்பாவைச் சாகவிட்ட ஒரு மனிதன் இருந்தால்? அதைத் தெரிந்துகொண்ட பிறகு நாளைக் காலையில் அவருக்கு எப்படிக் காபி கொண்டுபோய்க் கொடுப்பது? கொடுக்காமல்தான் இருக்க முடியுமா? தெரியாமலே இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டுப் பார்த்தான். அப்பாவின் கடைசி ஒரு மணி நேரம் குறையும். அது யாரிடமும் இல்லை, அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. அவருக்கும் வயசாகிவிட்டது.

"உக்காந்துருச்சுங்களா?" என்றாள் சாந்தாமணி. உட்காரவில்லை. இன்ஜின் தன் இடத்துக்குள் இறங்கி, பின்பக்கமாக நகர்ந்து, கியர்பாக்ஸை நோக்கிப் போய், ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி விட்டு நின்றுகொண்டது. கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, இன்ஜினின் முதுகில் இருக்கும் கிளட்ச் பிளேட்டின் ஓட்டைக்குள் நுழைய வேண்டும். தண்டிலும் பல், ஓட்டையிலும் பல். பல்லோடு பல் நேராக வந்தால் வழுக்கிக்கொண்டு போகும், வராவிட்டால் யானை தள்ளினாலும் போகாது. "போல்ட்டப் போட்டு முறுக்கி இழுத்துற வேண்டியதுதானே," என்றாள். "அந்த வேலைதான் ஆகாது. இழுத்தா வந்து ஒட்டிக்கும், பாக்கறதுக்குச் சேந்த மாதிரி இருக்கும். உள்ள பிளேட்டு ஒடிஞ்சு போயிருக்கும்." "அதுக்கு என்னதான் பண்றது? நான் இப்படியே செயினப் பிடிச்சுட்டு, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பாத்துச் சிரிக்கற வரைக்கும் நிக்கறதா? ஊருல இந்த வயசு ஆளுங்க மூட்டு வலிக்கு டாக்டரப் பாக்கறாங்க. இவரு இன்ஜினத் தொங்கவிட்டு வேடிக்கை பாக்கறாரு." "வண்டியக் கியர்ல போட்டு, ஒருத்தரு பிரேக்க மிதிச்சுப் பிடிக்கோணும். அப்பத் தண்டு அசையாது. நான் இன்ஜினுக்கு முன்னால இருக்கற சக்கரத்தப் பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாச் சுத்துனா, பல்லு எங்கியோ ஒரு எடத்துல நேரா வந்துரும்." சொல்லிவிட்டுத்தான் கவனித்தான். சாந்தாமணியால் சங்கிலியை விட முடியாது. அவனால் இங்கிருந்து நகர முடியாது. மீதி இருப்பது ஒருவர்தான். அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அவளுக்கு மாமா முறைக்குச் சித்தப்பா. "சித்தப்பா," என்று திரும்பிக் கூப்பிட்டாள், வெங்காயம் நறுக்கித் தரச் சொல்கிற அதே குரலில். "சித்த ஏறி உக்காந்து பிரேக்க மிதிங்களேன். கெடக்கறது கெடக்குது, உங்களுக்கும் பொழுது போகும்."

மாமா எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் இருந்த அவருடைய கைகளைக் குமரகுரு பார்த்தான். ஏன் கேட்டாள் இவள், வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, எதிர்வீட்டு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாமே. இதைத்தானே நீ இத்தனை நாளாக எதிர்பார்த்தாய், அவர் உட்காருவாரா மாட்டாரா என்று பார்க்கத்தானே வண்டியையே எடுத்தாய். இல்லை, அதற்காக எடுக்கவில்லை. எதற்காக எடுத்தாய்? "நான் எதுக்கு அம்மிணி. எனக்கு அதெல்லாம் மறந்து போச்சு," என்றார் மாமா. "பிரேக்க மிதிக்கறதுல மறக்கறதுக்கு என்னங்க இருக்குது? மாடிப் படி ஏற மறந்துட்டீங்களா?" அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் உள்ளே பார்த்தபடி நின்றார். பிறகு உட்கார்ந்தார். பானெட் இல்லாததால் இன்ஜினுக்கு மேலாக, கண்ணாடிக்குப் பின்னால், அவருடைய முகம் குமரகுருவுக்கு நேர் எதிரே வந்துவிட்டது. "கியரு எங்க இருக்குதுன்னு..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் மாமாவின் கை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் தண்டைப் பிடித்து, இழுத்து, கீழே தள்ளி, கியரில் போட்டுவிட்டது. பார்க்காமலே போட்டது. தயங்கவே இல்லை. அப்போதுதான் ஓட்டப் பழகியவரின் கை அல்ல அது. அப்படியானால் பயந்துபோய் நிறுத்தினார் என்று இத்தனை வருஷமாக அவன் கட்டிவைத்திருந்தது? அதையும் தூக்கிப் போட வேண்டியதுதானா? கால் பிரேக்கில் அழுந்தியது. வண்டி லேசாக ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தது. அதோடு அவருடைய இடது கை, யாரும் ஒன்றும் சொல்லாமலே, முன்பலகையில் செருகியிருந்த சாவிக்குப் போய் அதை அணைக்கும் பக்கமாகத் திருப்பியது.

"பேட்டரியே மாட்டல, அத எதுக்குங்க சித்தப்பா திருப்பறீங்க?" என்றாள் சாந்தாமணி. மாமா தன் கையைப் பார்த்தார். "கைப் பழக்கம் அம்மிணி. மச்சான் பழக்குன கை. ஏத்தத்துக்குத்தான் இன்ஜினு, எறக்கத்துல அதுக்கு எதுக்குத் தண்டத் தீனின்னு கேப்பாரு. எறக்கம் கண்டா மொதல்ல சாவியத் திருப்போணும் அவருக்கு. இல்லீன்னா வையறதுக்கு..." வாக்கியம் அந்த இடத்தில் நின்றது. ஏதோ நினைவு வந்து நிறுத்தியது போல இல்லை, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல நின்றது. சாந்தாமணிக்கு ஒன்றும் தெரியவில்லை. "அது செரி, இப்ப இருக்கற பெட்ரோல் வெலைக்கு நானே திருப்புவேன்," என்றாள். குமரகுரு இன்ஜினின் முன்சக்கரத்தைப் பிடித்து மெல்லச் சுற்றினான். சுற்றிக்கொண்டே இருந்தான். அவனுக்குள் ஏதோ சத்தம் அடங்கியது. மருதமலையிலிருந்து கீழே வருகிற ரோடு, பின்சீட்டில் அவனும் தங்கையும், அப்பாவின் பிடரி, பிடரியில் விபூதி. அப்பா கை நீட்டிச் சாவியைத் திருப்புகிறார். சட்டென்று உலகம் முழுவதும் அமைதி. காற்று மட்டும் உஸ்ஸென்று ஜன்னலில், டயர் ரோட்டை நக்குகிற சத்தம், எங்கோ ஒரு மயில். "பாத்தியா, சும்மாவே போகுது," என்கிறார் அப்பா. மலையை ஏமாற்றிவிட்ட சந்தோஷம் அந்தக் குரலில். அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், அந்தச் சந்தோஷத்துக்குள் உட்கார்ந்திருக்கிறான். இது எப்படி மறந்தது? மறக்கவில்லை, வேறு அறையில் வைத்திருந்தது. அது சந்தோஷம் என்கிற அறை, இது சாவு என்கிற அறை, நடுவில் கதவு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

இன்ஜினை அணைத்துவிட்டுக் கியரையும் எடுத்துவிட்டால் வண்டியை இழுத்துப் பிடிக்க எதுவும் கிடையாது. மொத்தக் கனமும் பிரேக்கின் தலையில். மருதமலைக்கு அது தாங்கும். கோத்தகிரி இறக்கத்துக்குத் தாங்காது, வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்துச் சக்கரம் கொதித்துவிடும், தீய்கிற நாற்றம் வரும், அப்புறம் மிதித்தாலும் நிற்காது. மரியாதையாக அதற்கு முன்பே ஓரம் கட்டி, ஆறட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். பிரேக் டிரம்மின் உட்புறம், கொதித்து ஆறிய இரும்புக்கு வருகிற நீலம் பூத்திருந்ததே. போன மாசம் பிரேக்கைச் சரிசெய்தபோது பார்த்துவிட்டு, பழசு என்று துடைத்து மாட்டினானே. அளக்கிறவனாம். இன்ஜினையே வருஷக்கணக்காக முறைத்துக்கொண்டிருந்தவனுக்குச் சக்கரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. இன்ஜின் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவனும் இன்ஜினிடமே கேட்டான். ஆக, ஆறட்டும் என்று ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு பேரும். வாயு என்றுதானே நினைத்தார்கள். அவசரம் என்று அவர்களுக்கே தெரியாது. தெரிந்தபோது சக்கரம் ஆறவில்லையா, இன்ஜின் திரும்பக் கிளம்பவில்லையா, மச்சானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்ப மாமாவுக்குக் கை ஓடவில்லையா, யாருக்குத் தெரியும்? ஒன்று மட்டும் தெரிந்தது. அன்றைக்கு வீட்டு வாசலில் நின்று, சொட்டுப் பெட்ரோலுக்காக இன்ஜினை அணைத்தோம் அக்கா என்று சொல்ல முடியாது. சொல்லியிருந்தால் அம்மாவுக்குத் திட்ட இரும்பு இருந்திருக்காது. ஒன்று, தம்பியைத் திட்ட வேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போன புருஷனையே ஆயுசு முழுக்கத் திட்ட வேண்டும். யாராவது பொய் சொன்னால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று இத்தனை வருஷம் அவன் எடுத்துக்கொண்டிருந்தான். வேறு ஒருவரைக் காப்பாற்றவும் மனிதன் அதே நாலு வாக்கியத்தை நெட்டுரு போடலாம் அல்லவா? அல்லது, ஓட்டுகிறவன் தானாகவே, கைப் பழக்கத்தில், நோயாளி பக்கத்தில் இருப்பதைக்கூட நினைக்காமல் திருப்பியிருக்கலாம், சற்று முன் திருப்பியது போல. இரண்டும் ஒரே மாதிரிதான் பொருந்துகிறது. எந்த அளவுகோலாலும் இதற்கு மேல் அளக்க முடியாது.

கையில் ஏதோ நழுவியது. இன்ஜின் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு பின்னால் வழுக்கிப் போய், இடைவெளி இல்லாமல் கியர்பாக்ஸோடு ஒட்டிக்கொண்டது. இழுக்கவில்லை, அவன் தள்ளக்கூட இல்லை. "அப்பாடா," என்றாள் சாந்தாமணி. சமையலறையில் குக்கர் கத்தியது. அவன் இரண்டு போல்ட்டைக் கையால் ஏற்றி நிறுத்தியதும் அவள் சங்கிலியை விட்டுவிட்டு, "இருங்க, அது அடிப் பிடிச்சா உங்க இன்ஜினத்தான் திங்கோணும்," என்று உள்ளே ஓடினாள். போர்டிகோவில் இரண்டு பேர். வெயில் கண்ணாடியின் பாதி வரை ஏறியிருந்தது. "சேந்துருச்சுங்க மாமா. காலை எடுத்துருங்க," என்றான். மாமா காலை எடுக்கவில்லை. பிரேக்கை அப்படியே மிதித்துக்கொண்டு, ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் வைத்து, அவனைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் சீஸ் ஆகவே இல்லையே மாமா என்று ஆரம்பிக்கலாம். அது கேள்வி இல்லை, தீர்ப்பு. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கலாம். அதற்குப் பதில் அவனுக்கே பாதி தெரியும். வருஷக்கணக்காக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒவ்வொன்றும் முன்னால் வந்து நின்றுவிட்டு விலகின. எல்லாம் இன்ஜினைப் பற்றியவை, அல்லது மாமாவைப் பற்றியவை. அப்பாவைப் பற்றி அவன் ஒன்றுமே ஒத்திகை பார்த்திருக்கவில்லை. இப்போது கேட்காவிட்டால் அவர் இறங்கி நாற்காலிக்குப் போய்விடுவார், கேட்டுவிட்டாலோ பழைய நாற்காலியில் பழைய மாமாவாக உட்கார மாட்டார். இரண்டில் எது என்று முடிவு செய்த ஞாபகம் இல்லை. கையிலிருந்த ஆயிலைத் துணியில் துடைத்துக்கொண்டு, கதவுப் பக்கமாக வந்து, ஜன்னலில் குனிந்தான். மாமாவிடமிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அன்னைக்கு அந்த எறக்கத்துல சாவியத் திருப்பச் சொன்னது அப்பாவுங்களா, மாமா?"